காற்றுப் பெட்டிக்கு ஒரு கையுறை

பத்து காஜா,
புதன்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய கிளென் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை இசபெல்லாவைக் கட்டிய லூயிஸ் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், இசபெல்லா, மகள் பமேலா மூவரும் நலம். உங்கள் மகன் ஆஸ்திரேலியா போனபோது பமேலாவுக்கு நீங்கள் தூக்கிக் கொடுத்த காட்டு மோட்டார் சைக்கிளும் இப்போதைக்கு நலம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டு அக்காவும் அக்காவின் முழங்காலும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். கைப்பேசி இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். குடும்பக் குழுவில் போட்டால் பமேலா படித்துவிடுவாள். உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பினால், நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற நேரத்தில் இசபெல்லா படித்துவிடுவாள். பேசிப் பதிவு செய்து அனுப்பினாலோ நீங்கள் அதைச் சத்தமாக வைத்துக் கேட்பீர்கள், அக்கா காதில் விழும், அப்புறம் உங்கள் பாகான் செராய் வயலில் நிற்கிற கொக்குக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். அதனால்தான் தபால்.

விஷயம் மாற்றல்தான் மச்சான். நம் பமேலா கோலா கங்சாரையும் தாண்டி, மலைக்குள்ளே இருக்கிற அந்த ஓராங் அஸ்லி பழங்குடிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறாள் அல்லவா. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். வழியில் ஓர் ஆறு, பாலம் கிடையாது. கல்வி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற நீங்கள் கிறிஸ்மஸ் விருந்தில் கோழிக்கறியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஒரு வார்த்த சொன்னா போதும்லா, ஈப்போவுக்கே கொண்டாந்துடலாம்" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை இந்த மாதமே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நான் கேட்டது பமேலாவுக்குத் தெரிய வேண்டாம். அவசரம் எவ்வளவு என்பது உங்களுக்கு விளங்க வேண்டுமே என்று திங்கட்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொன்னால்தான் திங்கட்கிழமை விளங்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மோட்டார் தண்ணி குடிச்சிருச்சுப்பா" என்றாள் பமேலா. என்னவென்று கேட்டால், ஆற்றுக்கு நடுவே தண்ணீர் சீட்டு வரைக்கும் ஏறிவிட்டதாம். சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறதாம், எஞ்சின் அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறதாம், காற்றுக்குப் பதில் தண்ணீர் போனால் உள்ளே இருக்கிற தண்டு வளைந்து எஞ்சினே போய்விடுமாம். இவள் சட்டென்று சுவிட்சை அணைத்திருக்கிறாள். பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரர்கள் வந்து தள்ளிக் கரையேற்றியிருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றி, மோட்டாரைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, மறுபடி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். அவள் சொன்னது முழுக்க மோட்டாரைப் பற்றித்தான். என் காதில் விழுந்தது, என் பிள்ளை ஆற்று நடுவில் நின்றாள் என்பது மட்டும். அன்றைக்கு வைத்த சோறு தட்டிலேயே இருந்தது மச்சான்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். இதில் எனக்கு இருக்கிற அனுபவம் வேறு எவனுக்கு இருக்கிறது, சொல்லுங்கள். வாலிபத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். மழைநாளில் மரத்தில் வழிகிற தண்ணீர் பால் பிடிக்கிற மங்குக்குள் விழுந்தால் பால் கெட்டுப்போகும் என்று, மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைப் பாவாடை மாதிரி வைத்துத் தார்ப் பசையால் ஒட்டுவோம். என் கை ஒட்டிய மரத்தில் ஒரு சொட்டு உள்ளே போகாது. தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறிய பிறகு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே எனக்குக் கொடுத்த வேலை, கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு ஒழுகுகிறதா என்று பார்ப்பது. ஒழுகினால் குப்பைக்கு, ஒழுகாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு. ஆக மொத்தம், என் காலமெல்லாம் ரப்பரையும் தண்ணீரையும் பார்த்தே போயிருக்கிறது. இப்படிப்பட்டவன் வீட்டு மோட்டார் தண்ணீர் குடித்தால் அது எனக்கு அவமானம் இல்லையா?

முதலில் பழைய முறையைத்தான் செய்தேன். சீட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை கட்டித் தார்ப் பசையால் ஒட்டினேன், பார்க்க மிகவும் லட்சணமாக இருந்தது. பால்மரம் நிழலில் நிற்கும், மோட்டார் வெயிலில் நிற்கும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பமேலா தன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பூசைக்குப் போனாள். கோயில் வாசலில் பமேலா இறங்கிவிட்டாள், இசபெல்லாவால் இறங்க முடியவில்லை. உருகிய தார் அவளைப் புடவையோடு பிடித்துக்கொண்டது. பாடற்குழுப் பெண்கள் வந்து இழுத்தார்கள், உள்ளே பீடப் பூக்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வந்து இழுத்தார்கள், ஃபாதர் அங்கியோடு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, பூசையைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தார். அது வேறு எந்தப் புடவையும் இல்லை, அக்கா ஆசையாக வாங்கிக் கொடுத்த அந்த மயில்நீலப் புடவை. இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். அடுத்த முறை நீங்கள் வரும்போது அந்தப் புடவை எங்கே என்று கேட்டால், தையற்காரரிடம் இருக்கிறது என்று நான் சொல்வேன், நீங்களும் ஆமாம் என்று தலையாட்டுங்கள்.

அதன் பிறகு பசார் பக்கத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற தீபனிடம் போய்க் கேட்டேன். நல்ல பையன், அவனும் காட்டில் மோட்டார் ஓட்டுகிறவன். காற்று இழுக்கிற வாயை ஒரு குழாய் போட்டு மேலே, ஹேண்டில் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். பெட்டியின் பக்கத்தில் இருக்கிற சின்னத் துளைகளை ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் டேப் ஒட்டி அடைக்க வேண்டும், அதைப் பமேலா எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறாள் என்றான். குழாய் சொல்லிவைத்திருக்கிறேன், இரண்டொரு நாளில் வந்துவிடும், அங்கிள் பொறுங்கள் என்றான். எனக்கு எங்கே மச்சான் பொறுமை? வானம் தினமும் சாயங்காலம் கறுத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஓய்வு பெறும்போது தொழிற்சாலையில் கொடுத்த கையுறைப் பெட்டிகள் அடுக்கியபடி இருந்தன. எங்கள் வீட்டில் அந்தக் கையுறை இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பெலாச்சான் இறால் விழுதைக்கூட அதற்குள் போட்டுக் கட்டித்தான் வைப்போம், வாசனை வெளியே வராது. வாசனையே வெளியே வராதபோது தண்ணீர் எப்படி உள்ளே போகும்? இப்படித்தான் மச்சான் என் புத்தி போயிற்று.

வழக்கமாகப் பமேலா ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடுவாள். இந்த வாரம் கோயில் திருவிழா என்பதால் திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் போகலாம் என்று இருந்துவிட்டாள். அம்மாவும் மகளும் தேர் பார்க்கப் போன நேரத்தில் நான் சீட்டைக் கழற்றினேன். பெட்டியின் வாயைக் கண்டுபிடித்தேன். மீன் வெட்டுகிறவர்கள் போடுகிற, முழங்கை வரைக்கும் வருகிற கனமான கையுறை ஒன்றை எடுத்து அந்த வாயில் இழுத்து மாட்டி, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன். தொழிற்சாலை முறைப்படி அந்த வாய்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் திறந்து பார்த்தால் உள்ளே பொட்டு ஈரம் இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்த நேரம் பார்த்து இசபெல்லா திரும்பி வந்தாள், பமேலா பின்னால் தோழிகளோடு பேசிக்கொண்டு நின்றாள். உங்கள் தங்கை அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டு, "அதுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள். மோட்டாருக்கு என்ன மூக்கா இருக்கிறது, நீ போய்க் குழம்பைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டுச் சீட்டை மாட்டினேன். பமேலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றைத் தாண்டிய பிறகு அவளே ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் மோட்டார் இருமிக்கொண்டுதான் கிளம்பியது. குளிர் என்று நினைத்துக் கை காட்டினேன். கோலா கங்சாருக்கு அப்பால் மலைப்பாதை பிரிகிற இடத்தில் ஒரு கம்பம், சின்ன ஊர்தான், இருக்கிறது, அதுதான் கடைசியாக லைன் கிடைக்கிற இடம். அங்கே நிறுத்தி, கட்டைவிரல் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை எங்களுக்கு அனுப்புவாள். அது வந்தால்தான் நாங்கள் பசியாறுவோம். அன்றைக்குக் கட்டைவிரல் வரவில்லை. வெளியே நல்ல மழை. கூப்பிட்டால் லைன் இல்லை. இசபெல்லா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. நான் தீபன் பட்டறைக்கு ஓடி, கையுறை கதையைச் சொன்னேன். அவன் கையிலிருந்த சாவியை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அங்கிள், அது காத்து போற வழி. அதையே அடைச்சா எஞ்சின் எப்படி ஓடும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது மச்சான். பமேலா சாப்பாட்டு மேசையில் சொன்னது, இசபெல்லா வாசலில் நின்று கேட்டது, எல்லாம் சேர்ந்து உறைத்தது. பக்கத்துத் துளைகள் வழியாகக் கொஞ்சம் காற்று போனதால்தான் மோட்டார் கிளம்பியே இருக்கிறது. ஆற்றுக்கு முன்னால் அவள் வழக்கப்படி அந்தத் துளைகளையும் டேப் போட்டு அடைப்பாள், அப்புறம் நடு ஆற்றில் எஞ்சின் நிற்கும் என்று என் மனம் கணக்குப் போட்டது. தண்ணீரில் இருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நானே அவளைத் தண்ணீரில் நிறுத்திவிட்டேன். தீபன் பட்டறையைப் பாதியில் சாத்திவிட்டுத் தன் ஃபோர்வீல் வண்டியை எடுத்தான். அன்று காலையில்தான் வந்து சேர்ந்த குழாயையும் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டான். வழி முழுக்க நான் மாதாவிடம் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்பதை இங்கே எழுதவில்லை, எழுதினால் நீங்கள் எல்லாவற்றையும் நிறைவேற்றச் சொல்வீர்கள்.

மலைப்பாதையில் சகதியில் உருண்டு ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் இடுப்புக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. இக்கரையில் மோட்டார் நின்றது. சீட்டு தனியாகக் கழன்று புல்லில் கிடந்தது, அதன்மேல் பமேலாவின் தலைக்கவசம் இருந்தது. பமேலாவைக் காணவில்லை. நான் வண்டியிலிருந்து இறங்கினேனா விழுந்தேனா என்று எனக்கே தெரியாது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது அக்கரையிலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் "லீமா" என்று கத்துவது கேட்டது. மலாயில் ஐந்து. கொஞ்சம் பொறுத்து "தீகா" என்றார்கள். மூன்று.

கரையோரப் பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். என் பிள்ளை பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் என் கையுறை. அதை ஊதிக் கட்டிப் பலூன் ஆக்கி வைத்திருந்தாள். தண்ணீர் இரைச்சலில் அவள் குரல் எடுபடாது என்பதால், கையுறையின் விரல்களில் இரண்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். அக்கரையில் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, எண்ணிப் பார்த்துக் கத்துகிறார்கள். பக்கத்தில் அவர்களுடைய தலைமை ஆசிரியர் குடையோடு நிற்கிறார். திங்கட்கிழமை காலை முதல் பாடம் கணக்காம். ஆறு குறுக்கே வந்துவிட்டதால் பாடத்தை விட முடியுமா என்று ஆற்றின் மேலேயே நடத்திக்கொண்டிருந்தாள் மச்சான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தீபன் என்னைப் பார்க்காத மாதிரி மோட்டார் பக்கம் போய்விட்டான், அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

மோட்டாரில் இழுவை இல்லை என்றதும் பமேலா பெட்ரோல் கோளாறு என்று நினைத்திருக்கிறாள். நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்றுதான் அந்தக் கம்பத்தில் நிற்காமல் வந்திருக்கிறாள், கட்டைவிரல் வராததற்கும் நான்தான் காரணம். கரையில் துளைகளுக்கு டேப் ஒட்டியதும் எஞ்சின் அப்படியே அடங்கிப்போனது. சீட்டைக் கழற்றிப் பார்த்தால், கையுறையின் விரல்கள் எல்லாம் பெட்டிக்குள் இழுபட்டுப்போய், உள்ளே இருக்கிற யாருக்கோ கை கொடுப்பதுபோல் இருந்ததாம். யாருடைய வேலை என்று கேட்கவே தேவையில்லை என்றாள். அவள் சிரித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்படியானால் என் கையுறை இருந்ததால்தான் நீ ஆற்றில் இறங்காமல் தப்பித்தாய் என்று மெல்ல எடுத்துவிட்டேன். பமேலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இல்லப்பா. மேல மழ பேஞ்சா தண்ணி நெறம் மாறும். மாறிட்டா நான் எறங்கவே மாட்டேன். எஞ்சின் நல்லா இருந்தாலும் இங்கதான் நின்னுருப்பேன்."

அப்புறம், "எனக்கும் பயமாத்தான் இருக்கும்பா. பயந்து நிக்கவும் தெரியும், தண்ணி வடிஞ்சா போகவும் தெரியும். என்னைய நம்புங்க" என்றாள்.

தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடிகிற வரைக்கும் காத்திருந்தோம். தீபன் குழாயை மாட்டி வாயை மேலே கொண்டுவந்தான். பமேலா ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, முதலில் நடந்தே அக்கரை வரை போய், எங்கே பள்ளம் எங்கே கல் என்று குத்திப் பார்த்துத் திரும்பி வந்தாள். துளைகளுக்குப் புது டேப் ஒட்டினாள். அப்புறம் மோட்டாரில் ஏறி, அவசரமே இல்லாமல், ஒரே சீராக இறங்கிப் போனாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. நடுவில் ஒரு முறை வண்டி ஆடியது, காலை ஊன்றி நிமிர்த்தினாள். அக்கரை ஏறியதும் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் திரும்பி, ஊதின கையுறையைத் தூக்கி எனக்கு ஆட்டிக் காட்டினாள். அதன் கட்டைவிரல் மேலே நின்றது.

ஆகவே மச்சான், இவ்வளவு ஆபத்தான இடத்தில் பிள்ளையை விட்டுவைப்பது சரியில்லை என்பது உங்களுக்கே நன்றாக விளங்கியிருக்கும். நீங்கள் தயவுசெய்து உடனே உங்கள் ஆளிடம் பேசி, ஈப்போவில் கிடைக்காவிட்டால் இங்கே பத்து காஜாவிலேயாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக் கொடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். ஆஸ்திரேலியாவில் இருக்கிற மருமகனுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும், மழைக்கு உள்ளேயும் வந்து இருக்கட்டும்.

தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட,
லூயிஸ்

பி.கு.: மேலே எழுதியது புதன்கிழமை. இன்று சனிக்கிழமை. தபாலில் போடலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன், துவைக்க எடுத்த இசபெல்லா படித்துவிட்டாள். சத்தம் போடவில்லை. "அவ ஆத்த தாண்டுனத நீங்கதானே நேர்ல பாத்தீங்க. பாத்துமா இப்படி எழுதுறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணியை அலசப் போய்விட்டாள். ஆகையால் மாற்றல் விஷயமாக நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம். ஏற்கனவே பேசியிருந்தால் மறுபடி போய், என் மச்சானுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லை என்று சொல்லித் திரும்ப வாங்கிவிடுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நேற்று பமேலா வீட்டுக்கு வந்ததும், "அப்பா, எங்க வகுப்புக் கூரை ஒழுகுது. தண்ணி உள்ள வராம பண்ண உங்கள விட்டா யாருக்குத் தெரியும், வந்து பாக்குறீங்களா?" என்று கேட்டாள். நாளைக்குப் பூசை முடிந்ததும் மோட்டாரில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறேன். பிளாஸ்டிக் தாளும் தார்ப் பசையும் கட்டி வைத்தாயிற்று. கூரைக்கு மூச்சு முட்டுமா என்று இந்த முறை இசபெல்லாவிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். முட்டாதாம்.